கல்லாறு: மலைவாசல் இடம்பெயர்ந்த வரலாறு

மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறத்தாழ 8 கி.மீ. தொலைவில் நீலகிரியின் அடிவாரத்தில் இருக்கிறது கல்லாறு. பாக்குத் தோப்புகள், 1900இல் தொடங்கப்பட்ட அரசு பழப்பண்ணை, பாறைகளுக்கிடையே இறங்கிப் பவானியில் சேரும் ஆறு, சிறிய ரயில் நிலையம், சுற்றிலும் இருளர் குடியிருப்புகள்: ஊர் இவ்வளவுதான். உதகைக்குப் போகிறவர்களுக்கு மலை தொடங்குவது இங்கேதான். ஆனால் அந்தத் தொடக்கம் வேறெங்கோ இருந்து இங்கு வந்து சேர்ந்தது. அது நகர்ந்த வழியைப் பின்தொடர்ந்தால்தான் இவ்வூரின் வரலாறு பிடிபடும்.

பழைய வாசல் கிழக்கே, மோயாறும் பவானியும் கூடும் இடத்தில் இருந்த தண்ணாயக்கன் கோட்டை. 1812இல் கும்பினியின் நில அளவையாளர் வில்லியம் கீஸ் மலையேறியது அந்தப் பக்கமிருந்துதான். 1955இல் கட்டி முடிக்கப்பட்ட பவானிசாகர் அணையின் நீருக்குள் கோட்டை போய்விட்டது. நீர்மட்டம் நன்றாகக் குறையும் ஆண்டுகளில் அங்கிருந்த பெருமாள் கோயில் வெளியே தெரியும்.

அடுத்த வாசல் சிறுமுகை. கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் மலைக்குச் சென்று வந்தபின், சிறுமுகையிலிருந்து கோத்தகிரியை அடுத்த திம்பட்டிக்குப் பாதை வெட்டும் வேலை நடந்து 1823இல் முடிந்தது. அதற்குள் அவருடைய கவனம் உதகைப் பக்கம் திரும்பிவிட்டது. அங்கே போக வேண்டியவர்களுக்குக் கோத்தகிரி வழி சுற்றுவழியாயிற்று. ஆளுநர் லஷிங்டன் காலத்தில், 1830க்கும் 1832க்கும் இடையே, கல்லாற்றுப் பள்ளத்தாக்கின் வழியாகக் குன்னூருக்குப் புதிய மலைப்பாதை போடப்பட்டது. மேலே எந்த ஊர் தலைமையிடமானதோ, அதற்கேற்பக் கீழே வாசலும் இடம் மாறியது என்பதே என் வாதம். சிறுமுகை பின்தங்கியதற்கு அதன் நிலவமைப்பைக் குறைசொல்ல முடியாது.

இவ்வளவு முக்கியமான வழியில் இருந்தும் கல்லாறு பெரிய ஊராக வளரவில்லை. இதற்குக் காய்ச்சலே முதன்மைக் காரணம் என்று கருதுகிறேன். ஈரமும் காடும் அடர்ந்த இந்த அடிவாரப் பட்டையை மலேரியா நிலமென்று அஞ்சிய பயணிகள், பொழுது சாய்வதற்குள் கடந்துவிடவே பார்த்தார்கள். சந்தையும் கிடங்குகளும் மேட்டுப்பாளையத்தில் நிலைத்தன. 1873இல் போத்தனூரிலிருந்து ரயிலும் அங்கேதான் வந்து நின்றது.

கல்லாற்றுக்கு உலகப் புகழ் தந்தது 1899இல் குன்னூர் வரை திறக்கப்பட்ட மலை ரயில். நிலையத்தைத் தாண்டியதும் இரு தண்டவாளங்களுக்கு நடுவே பல்சட்டங்கள் தொடங்குகின்றன. அருகே குனிந்து பார்த்தால் அவை ஒன்றையொட்டி ஒன்றாக இரண்டு என்பது தெரியும். ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதற்குப் பள்ளம் வருமாறு தள்ளிப் பொருத்தியிருப்பார்கள். இதனால் என்ஜினின் பல்சக்கரம் எந்தக் கணத்திலும் பிடி விடாது. பன்னிரண்டரை அடிக்கு ஓர் அடி உயரும் ஏற்றத்தில், ரயிலின் பின்னால் நின்று தள்ளிக்கொண்டே ஏறுகிறது நீராவி என்ஜின். 2005இல் யுனெஸ்கோ இப்பாதையை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

இதுவரை சொன்ன வழிகள் எல்லாம் கீழிருந்து மேலே போகிறவை. அடிவாரத்துக்கு இன்னொரு வழியும் உண்டு. மலைக்காலை ஒட்டியபடி ஜக்கனாரிச் சரிவுக்கும் நெல்லித்துறைக் காட்டுக்கும் இடையே போய்வரும் யானைகளின் வலசை வழி அது. மனிதர் போட்ட ஒவ்வொரு பாதையும் அதைக் குறுக்கே வெட்டியது. முதலில் பொதிமாட்டுத் தடம், பிறகு வண்டிச்சாலை, ரயில், தோப்புகளின் வேலி, இன்று இரவும் பகலும் ஓயாத வாகன வரிசை. பழப்பண்ணையை இடம் மாற்ற வேண்டும் என்ற கோரிக்கை நீதிமன்றம் வரை போனதும் இந்த வழித்தடத்துக்காகவே. இந்த அடிவாரத்தைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் மலையேறிய துரைமார்களின் வரலாறாகவே நின்றுவிடுகின்றன. கல்லாற்றுக்கு வரைபடம் வரைகிறவர்கள் யானைத்தடத்தையும் இருளர் குடியிருப்புகளையும் முதலில் குறித்துவிட்டு, அதன்மேல் சாலையையும் ரயிலையும் வரைய வேண்டும். நிகழ்ந்த வரிசை அதுதான்.