திரு.வி.க.வின் தலையங்கத் தமிழ்

1917 டிசம்பரில் சென்னையிலிருந்து ‘தேசபக்தன்’ நாளிதழ் வெளிவந்தது. வெஸ்லி கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த திரு.வி. கலியாணசுந்தரனார் அப்பணியைத் துறந்து அதன் ஆசிரியரானார். அந்நாளைய அரசியல் எழுத்தில் ஆங்கிலத்தின் சாயலும் வடசொல்லும் மிகுந்திருந்தன. எச்சத்தின் மேல் எச்சமாக நீண்டு, முற்றுப்புள்ளியை எட்டுமுன் படிப்பவரைக் களைப்படையச் செய்த அந்த வாக்கியத்தைத் திரு.வி.க. தறித்தார்.

அவருடைய தொடர்கள் பல மூன்று நான்கு சொற்களில் முடிந்துவிடும். இறுதியில் வினைமுற்று அழுந்தி நிற்கும். ஒரு வினா எழும். அடுத்த தொடரிலேயே விடை வரும். அவ்விடையிலிருந்து இன்னொரு வினா கிளைக்கும். ஒதுங்கி நின்று படிக்க அந்நடை எவரையும் விடாது.

இது மேலைநாட்டு இதழியலின் கொடை என்று தோன்றக்கூடும். ஆனால் அதன் வேர் தமிழ் உரைமரபில் இருக்கிறது. யாழ்ப்பாணம் நா. கதிரைவேற்பிள்ளையிடம் பாடம் கேட்டவர் திரு.வி.க.; பெரியபுராணத்துக்குக் குறிப்புரை வரைந்தவர். தடையை எழுப்பி, விடையிறுத்து, பொருளை நிறுவுவது உரையாசிரியர் வழக்கம். பாட்டுக்குப் பொருள் காண உதவிய அம்முறையை அவர் ஆட்சியாளரை வினவும் கருவியாக்கினார்.

இன்னொரு வேர் மேடை. 1918 ஏப்ரலில் பி.பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது, அதில் திரு.வி.க.வும் முன்னின்றார். பெரம்பூர் ஆலைத் தொழிலாளரிடையே பேசிப் பழகிய நாவே தலையங்கம் எழுதிய கையையும் நடத்தியது. உரக்கப் படித்தால் ஒரே மூச்சில் சொல்லி முடிக்கும் அளவுதான் அவர் தொடரின் அளவு. ஆகவே இலக்கணம் வழுவாத செந்தமிழாக இருந்தும் கேட்ட மாத்திரத்தில் விளங்கியது.

குறையும் உண்டு. கூறியதையே வேறு சொல்லில் மீண்டும் கூறும் மேடைப் பழக்கம் அவருடைய நூல்களில் சில இடங்களில் அயர்வூட்டும். தலையங்கத்தில் இடம் குறைவு; அங்கே அப்பழக்கம் அடங்கி, வேகம் மட்டும் எஞ்சியது.

1920இல் அவர் தொடங்கிய ‘நவசக்தி’யில் துணையாசிரியராகப் பயின்றவர் கல்கி. பின்னாளில் அவர் பேச்சுவழக்கை ஒட்டிய நகைச்சுவை நடைக்குச் சென்றார். ஆயினும் வாசகரை எதிரில் நிறுத்திப் பேசும் முறையைக் கைவிடவில்லை. திரு.வி.க.வின் செந்தமிழை இன்று அப்படியே எழுதிப் பார்ப்பதில் பயன் குறைவு. மறுப்பவர் கேட்கக்கூடிய கேள்வியைத் தாமே முதலில் கேட்டு, அதற்கு நேர்நின்று விடை சொன்னாரே, அந்தத் துணிவே தலையங்கம் எழுதுவோர் அவரிடம் கற்கவேண்டியது.