வெவெஸ்ஸ முதல் பிரதேச சபை வரை: ஊவாத் தோட்டங்களும் கொழும்பின் அதிகாரமும்

1940 மே மாதத்தில் பதுளையை அடுத்த வெவெஸ்ஸ தோட்டத்தில் மூண்ட வேலைநிறுத்தம் மலையக வரலாற்றில் தனித்த இடமுடையது. தொழிலாளர் தாமே தெரிந்தெடுத்த சபையொன்றினை நிறுவினர். அதனைக் கலந்தாலோசித்தே தோட்டத்தை நடத்தத் துரை இணங்க நேர்ந்தது. அடக்கவந்த ஆயுதப் பொலிசாரிடமிருந்து ஆயுதங்களும் பறிக்கப்பட்டன. பெருவெள்ளம் ஊவாவைப் பிற பகுதிகளினின்றும் துண்டித்திருந்த நாட்களிற் பொலிஸ் வன்முறை இவ்வெழுச்சியை முறியடித்தது. எனினும் கூலியுயர்வு என்ற எல்லையைத் தாண்டி, தோட்டத்தினுள் ஆட்சி யாருடையது என்னும் வினா அங்கு எழுப்பப்பட்டுவிட்டது.

கொழும்பின் ஆளும் குழாம் இவ்வினாவைச் சட்டத்தாலேயே எதிர்கொண்டது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசு 7 ஆசனங்களை வென்றது; வேறு தொகுதிகளில் தோட்ட வாக்குகள் இடதுசாரிகளுக்கும் துணைநின்றன. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும், 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டமும் அவ்வாக்குகளைப் பறித்தன. இதனை இனவாதம் என்று மட்டும் கூறி அமைதல் போதாது. 1949இல் ஜீ. ஜீ. பொன்னம்பலம் அமைச்சரவையில் இருந்தார் என்பதை நம்மவர் எளிதில் மறந்துவிடுகின்றனர். ஆளும் வர்க்கம் அஞ்சியது அந்நியனையன்று, அமைப்பாகத் திரண்ட தொழிலாளியையே.

இடதுசாரிகளும் விதிவிலக்கல்லர். 1940 ஜூனிற் சிறைவைக்கப்பட்ட சமசமாஜத் தலைவர்களுள் ஒருவரான கொல்வின் ஆர். டி சில்வா, 1948இல் அச்சட்டத்தை எதிர்த்தவர். 1970இல் பெருந்தோட்டத்துறை அமைச்சரானார். ஒற்றையாட்சியை வலியுறுத்திய 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பின் சிற்பியும் அவரே. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. உடைமை இலண்டனிலிருந்து கொழும்புக்கு மாறிற்று. வெவெஸ்ஸவில் தோன்றிய சபைக்கு அம்மாற்றத்தில் இடமிருக்கவில்லை. 1992இல் நிருவாகம் தனியார் கம்பனிகளுக்குச் சென்றபோதும் லயங்களிற் குடியிருந்தோரின் ஒப்புதல் கோரப்படவில்லை.

1987இன் 13ஆவது திருத்தம் மாகாண சபைகளைத் தோற்றுவித்தது. பதுளை ஊவா மாகாண சபையின் தலைநகராயிற்று. அதிகாரம் பரவலாக்கப்பட்டதென்று பேசப்பட்டது. ஆயின் அதே ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடத் தடையாயிற்று. தோட்ட வாக்குகளால் தெரிவான உறுப்பினர், தம் வாக்காளரின் லயத்துக்குச் செல்லும் பாதையைச் செப்பனிட இயலாது நின்றார். பரவலாக்கப்பட்ட அதிகாரம் தோட்ட எல்லைவரை வந்து அங்கேயே நின்றுவிட்டது. அப்பிரிவு 2018இலேயே திருத்தப்பட்டது.