பைக்காரா கரண்டும் எங்க ஆபீஸ் சர்வரும்

2012 மின்வெட்டு கோயம்புத்தூர்க்காரங்க யாருக்கும் மறக்காது. அப்போ நான் இருந்த சின்ன கம்பெனியில சர்வர் ரூமுக்கு தனி ஏசி, யூபிஎஸ், வாசல்ல டீசல் ஜெனரேட்டர். ஒரு ராத்திரி டீசல் தீர்ந்துபோச்சு. காலையில ஹார்ட் டிஸ்க் எழுந்திருக்கல. பேக்கப் மூணு வாரம் பழசு. பத்துப் பேரோட மூணு வார வேலை போச்சு.

இதே சிக்கல் நம்ம ஊருக்குப் புதுசில்லை. 1888இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் இங்கே பஞ்சாலை தொடங்கியபோது, நூல் நூற்க நினைத்தவர் முதலில் நீராவியும் உண்டாக்க வேண்டியிருந்தது. பாய்லர், எஞ்சின், எரிபொருள், அதைப் பார்த்துக்கொள்ள ஆள். நூலுக்கும் இதற்கும் நேரடிச் சம்பந்தமே இல்லை. 1932இல் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. கம்பி வழியே சக்தி வந்தது. அந்தப் பத்தாண்டில் கோவையைச் சுற்றி மில்கள் பெருகின. 1937இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் இங்கேயே மின்மோட்டார் தயாரித்தார்கள். கிணற்றில் கவலை ஓட்டிய எங்க அப்புச்சியும் பிறகு மோட்டாருக்கு மாறினார். மாடு கட்டும் வேலை மிச்சம்.

2006இல் அமேசான் எஸ்3, ஈசி2 சேவைகளைத் தொடங்கியது கிட்டத்தட்ட இதேதான்: எஞ்சினை வாங்காதே, ஓடின மணிக்குக் காசு கொடு. 2015இல் மைக்ரோசாஃப்ட் அஸூர் சென்னையிலும், 2016இல் அமேசான் மும்பையிலும் டேட்டா சென்டர்களைத் திறந்தன.

எங்க டீமுக்கு என்ன மாறியது? முன்னே டெஸ்டிங்குக்கு ஒரு சர்வர் வேணும்னா கொட்டேஷன், அப்ரூவல், டெலிவரின்னு மாசக்கணக்கு. இப்போ பத்து நிமிஷம். காலையில போட்டு சாயங்காலம் அணைக்கலாம். புதுசா சேர்ந்த பையன் தப்பு பண்ணா அழிச்சுட்டு இன்னொண்ணு. ரிலீஸ் அன்னிக்கு ஜெனரேட்டர் பக்கத்துல யாரும் படுக்கிறதில்லை. அணைக்க மறந்தா மட்டும் பில் வந்து எழுப்பும்.

ஆனா ஒண்ணு. எஞ்சினைக் கைவிட்டுக் கம்பியை நம்பிய ஊர்தான் 2012இல் இருட்டில் உட்கார்ந்தது. அன்னிக்குக் காப்பாத்தினது சொந்த ஜெனரேட்டர் வைத்திருந்த மில்களைத்தான். வாடகைச் சக்தி நல்லது. அது நிற்கும் நாளுக்கும் ஒரு ஏற்பாடு வேணும். அதனால எங்க டேட்டாவோட ஒரு நகல் வேறொரு இடத்தில் இருக்கு. மாசம் ஒருமுறை அதிலிருந்து எல்லாத்தையும் மீட்டெடுத்துப் பார்க்கிறோம். மூணு வாரத்தைத் தொலைச்சவன் வைத்த விதி அது.