கரமனையில் ஒரு வீடு

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்திற்கு வரும் பழைய பெருவழி, நகரின் நடுப்பகுதியை எட்டுமுன் ஓர் ஆற்றைக் கடக்கிறது. அகத்திய மலையின் சாரலில் பிறந்து, அருவிக்கரை வழியாக இறங்கி, கோவளத்திற்கு அண்மையில் கடலோடு கலக்கும் கரமனையாறு அது. பாலத்தைக் கடந்து உள்ளே திரும்பினால், சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் வீடுகளும், வாசற்கோலமும், திண்ணைப் பேச்சும் நம் கண்ணிலும் காதிலும் படுகின்றன. தஞ்சாவூர்ப் பக்கத்துத் தெரு ஒன்று மலையாள மண்ணில் எவ்வாறு முளைத்தது? பிழைப்புத் தேடி வந்த தமிழருக்கு இந்நகரம் எவ்வகையில் குடியிருக்க இடம் கொடுத்தது? யாருக்குக் கொடுத்தது, யாருக்குக் கொடுக்கவில்லை? இவற்றைச் சிறிது ஆராய்வோம்.

வெளியிலிருந்து வந்தவனுக்கு உணவும் உறைவிடமும் அளிக்கும் வழக்கம் இப்பகுதியில் மிகப் பழையது. கி.பி. 866-இல் ஆய் மன்னன் கருநந்தடக்கன், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள பார்த்திவசேகரபுரத்தில் ஒரு கோயிலையும் அதனோடு ஒரு சாலையையும் நிறுவினான். அங்கே 95 சட்டர்கள் தங்கிக் கல்வி பயில ஏற்பாடு செய்ததைச் செப்பேடு கூறுகிறது. அந்தச் சாலைக்கு முன்மாதிரியாக இருந்தது காந்தளூர்ச் சாலை. அது கரமனைக்குப் பக்கத்திலுள்ள வலியசாலையில் இருந்ததென்று பலரும் கருதுகின்றனர். ஆனால் அங்கே தங்குவதற்கு விதிகள் உண்டு; கல்வியும் குலமும் பார்த்தே இடம் அளித்தனர். உறைவிடத்தை ஒரு கையால் கொடுத்து மறு கையால் தகுதி கேட்கும் இம்முறை பின்னரும் நெடுங்காலம் நீடித்ததை மேலே காண்போம்.

மார்த்தாண்ட வர்மா 1750-இல் தம் நாட்டைப் பத்மநாபசுவாமிக்கு அர்ப்பணம் செய்தார். அவருக்குப் பின் வந்த கார்த்திகைத் திருநாள் ராமவர்மாவின் காலத்தில், பத்மநாபபுரத்திலிருந்த தலைநகரம் திருவனந்தபுரத்திற்கு மாறியது. தலைநகரம் நகர்ந்தால் மன்னர் மட்டுமா நகர்வார்? கணக்கரும், வேதமோதுவோரும், சமையற்காரரும், சங்கீத வித்துவான்களும், வணிகரும் உடன் வந்தனர். ஆறு ஆண்டுகளுக்கு ஒருமுறை நிகழும் முறைஜபத்திற்கும், ஊட்டுப்புரைகளுக்கும், அரண்மனை உத்தியோகத்திற்கும் திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் அப்பாலிருந்தும் அந்தணர் வந்தவண்ணம் இருந்தனர். இவர்கள் குடியிருக்க எழுந்தவையே கோட்டைக்குள்ளும், வலியசாலையிலும், கரமனையிலும் நாம் காணும் அக்ரஹாரங்கள்.

அந்த வீட்டின் அமைப்பைச் சற்று நின்று கவனிப்பது நல்லது. மலையாள நாட்டு வீடு தன்னைச் சுற்றித் தோட்டமும் வேலியும் கொண்டு தனித்து நிற்பது. பக்கத்து வீட்டுக்காரனின் இருமல் இந்த வீட்டில் கேளாது. அக்ரஹார வீடு அப்படியன்று. இரு வீட்டிற்கும் ஒரே நடுச்சுவர். வாசலில் திண்ணை, அதனைத் தாண்டினால் ரேழி, பின் கூடமும் முற்றமும், அடுக்களை, கிணறு, கொல்லை என்று ஒரே நேர்கோட்டில் நீண்டு செல்லும். அகலம் குறைவு, நீளம் மிகுதி. வழிப்போக்கன் ஒருவன் திண்ணையில் இரவு படுத்தெழுந்து போனால், ஏனென்று கேட்பவர் அக்காலத்தில் இலர். புதிய ஊருக்கு வந்த குடும்பத்திற்குச் சுவர் மட்டும் கிடைக்கவில்லை. அண்டை அயலும், கோயிலும், குளமும், மொழியும் சேர்ந்தே கிடைத்தன. குடியமர்த்தல் என்பதன் முழுப்பொருள் இதுவே என்று நமக்குத் தோன்றுகிறது. பிற்காலத்துத் திட்டங்கள் பல தடுமாறியதும் இந்த இடத்தில்தான்.

கரமனையின் பெயரைத் தமிழிசையுலகில் நிலைநாட்டியவர் நீலகண்ட சிவன். 1839-இல் நாகர்கோவிலை அடுத்த வடிவீசுவரத்தில் பிறந்து, பத்மநாபபுரத்தில் வளர்ந்து, கரமனையில் வாழ்ந்து, 1900-இல் மறைந்தார். அவர் காலத்தில் வடிவீசுவரமும் கரமனையும் ஒரே சமஸ்தானத்தைச் சேர்ந்தவை. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலூகாக்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நியாயமான இணைப்புத்தான், அதற்காகப் போராடி உயிர் நீத்தோரும் உண்டு. ஆயினும், அன்று காலை கரமனையில் கண்விழித்த தமிழர், வீட்டுத் திண்ணையைவிட்டு ஓர் அடியும் எடுத்து வைக்காமலே வெளிமாநிலத் தமிழராகிவிட்டனர். நம்மிற் பலர் புகைவண்டி ஏறி வெளிமாநிலம் சென்றோம்; இவர்களிடம் வெளிமாநிலம் தானே வந்து சேர்ந்தது.

இதுவரை சொன்னது ஒரு பக்கம். அதே நகரத்திற்கு வந்த தமிழர் எல்லோருக்கும் திண்ணை வைத்த வீடு கிடைக்கவில்லை. அக்ரஹாரத் தெருவில் அந்தணரல்லாதார் குடியிருப்பது எண்ணத்திலும் இல்லாத காலம். ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளிவந்ததே 1936 நவம்பர் 12-இல்தான். சாலைக் கடைவீதியில் மூட்டை தூக்கியவர்கள், தெருவோரத்தில் கூவி விற்றவர்கள் ஆகியோரின் வாழ்வை அறிய விரும்புவோர் ஆ. மாதவனின் கடைத்தெருக் கதைகளைப் படிக்கலாம். அவரே சாலைத் தெருவில் கடை வைத்திருந்தவர். கதை மாந்தரை அன்றாடம் நேரில் கண்டவர்.

தம்பானூருக்கு அருகிலுள்ள செங்கல்சூளையின் வரலாறு இன்னும் கசப்பானது. இன்றைய தலைமைச் செயலகக் கட்டடத்தை வில்லியம் பார்ட்டன் என்னும் பொறியாளர் வடிவமைக்க, அது 1869-இல் திறக்கப்பட்டது. அதற்கு வேண்டிய செங்கல்லைச் சுட்ட இடம் என்பதால் செங்கல்சூளை என்ற பெயர் வந்ததாகக் கூறுவர். வேலைக்கு வந்தவர்கள் சூளையருகே குடிசை போட்டுக்கொண்டனர். காலப்போக்கில் அது நகரின் பெருஞ்சேரியாயிற்று. பின்னர் ராஜாஜி நகர் என்று பெயர் மாறியது. மாநிலத்தை ஆளும் கட்டடத்திற்குக் கல் சுட்டவர் குடியிருப்பு என்று பெயர்பெற்ற இடம், நூறாண்டிற்கு மேலும் ஓலைக்கும் தகரத்திற்கும் அடியில் கிடந்தது.

நகரசபை என்ன செய்தது என்று இங்கே கேட்கத் தோன்றும். திருவனந்தபுரம் 1920-இல் நகரசபையாயிற்று. 1940 அக்டோபர் 30 அன்று, சித்திரைத் திருநாள் காலத்தில், மாநகராட்சியாக உயர்ந்தது. தெருவிளக்கு, சாக்கடை, துப்புரவு ஆகியவையே தொடக்கத்தில் அதன் முதன்மையான கவலைகள். அருவிக்கரையிலிருந்து கரமனையாற்று நீரைக் குழாய் வழியாக நகருக்குக் கொணரும் வில்லிங்டன் நீர்நிலையம் 1933-இல் திறக்கப்பட்டது. வீடு என்பது அவரவர் பாடு என்றே அக்காலத்து ஆட்சியாளர் கருதினர். இங்கிலாந்திலேயே நகரசபைகள் பெருமளவில் வாடகை வீடு கட்டத் தொடங்கியது முதல் உலகப்போருக்குப் பின், 1919-ஆம் ஆண்டுச் சட்டத்தினால்தான்.

எனினும் கேட்டவர்கள் இருந்தனர். அய்யங்காளி 1911-இல் ஸ்ரீமூலம் பிரஜா சபைக்கு நியமனம் பெற்றார். தம் மக்களுக்கு வீட்டுமனைக்கும் பயிருக்கும் புதுவல் நிலம் தரவேண்டும் என்று 1912-இல் அச்சபையில் கோரினார். தானமாக அன்று, குடிமக்களின் கோரிக்கையாக அதனை முன்வைத்தார். அதில்தான் அந்தப் பேச்சின் புதுமை இருக்கிறது.

துப்புரவு வேலைக்கென்று தமிழகத்திலிருந்து அழைத்து வரப்பட்டோரின் நிலையைத் தகழி சிவசங்கரப் பிள்ளை 1947-இல் எழுதிய ‘தோட்டியின் மகன்’ நாவலில் காணலாம். களம் ஆலப்புழை; மாந்தர் தமிழர்; தமிழாக்கியவர் நாகர்கோவில் சுந்தர ராமசாமி. தன் பிள்ளை அந்த வாளியைத் தொடலாகாது என்று ஒரு தந்தை கனவு காண்பதே அதன் உயிர். வேலை உள்ளவரை நிழல், வேலை போனால் தெரு என்ற வாழ்வில் அக்கனவு எத்தனை தொலைவு என்பதைப் படித்தவர் அறிவர்.

திருப்பம் 1970 ஜனவரி 1-இல் நேர்ந்தது. நிலச் சீர்திருத்தச் சட்டத்தின் திருத்தம் அன்று நடைமுறைக்கு வந்தது. பிறர் நிலத்தில் குடிசை கட்டி வாழ்ந்தோர் தாம் இருந்த இடத்தைச் சொந்தமாக்கிக்கொள்ளும் ‘குடிகிடப்பு’ உரிமையைப் பெற்றனர். பஞ்சாயத்தில் 10 சென்ட், சிறு நகரசபையில் 5 சென்ட், பெருநகரில் 3 சென்ட் என்று அளவு வகுத்தனர். கரமனை போன்ற நகர்ப்பகுதியில் மூன்று சென்ட் என்பது சிறிதுதான். ஆனால் எவனும் எழுப்பிவிட முடியாத மூன்று சென்ட்.

குடிசைகூட இல்லாத கூலித்தொழிலாளருக்காக 1972-இல், சி. அச்சுத மேனன் அமைச்சரவையில் இடம்பெற்ற எம். என். கோவிந்தன் நாயர் லட்சம் வீடு திட்டத்தைத் தொடங்கினார். பஞ்சாயத்துக்கு நூறு வீடு என்பது கணக்கு. நிலம் தேடும் பொறுப்பு பஞ்சாயத்தின் தலையில் விழுந்தது. மாணவர்களும் இளைஞர்களும் மண் சுமந்தனர். இலட்சம் என்ற எண்ணிக்கை எட்டப்படவில்லை. செலவைக் குறைப்பதற்காக இரண்டிரண்டு வீடுகளை ஒரே நடுச்சுவரோடு கட்டினர். அக்ரஹாரத்திலும் நடுச்சுவர்தான், இங்கும் நடுச்சுவர்தான். அங்கே அது உறவாயிற்று. இங்கே, ஒருவர் வீட்டைப் புதுக்க நினைத்தால் மற்றவர் கூரையும் ஆடியது. நீண்ட கொல்லையும் முற்றமும் இருந்தால் பொதுச்சுவர் பொறுக்கும். ஓரறை வீட்டில் அது பொறுக்காது.

அதே காலத்தில் இந்நகரில் குடியேறிய லாரி பேக்கர் என்ற ஆங்கிலேயர், ஏழைக்குக் கட்டும் வீடு அழகாகவும் இருக்கலாம் என்று வாதாடினார். செங்கல்லைப் படுக்க வைக்காமல் நிறுத்தி, இடையில் வெற்றிடம் விட்டுச் சுவர் எழுப்பினால் ஏறத்தாழ கால் பங்கு கல் மிச்சமாகும் என்று கட்டிக் காட்டினார். அச்சுத மேனன், பொருளியல் அறிஞர் கே. என். ராஜ் முதலியோருடன் அவர் 1985-இல் நிறுவிய காஸ்ட்ஃபோர்டு என்ற அமைப்பு, பின்னாளில் சாலைக்கு அருகிலுள்ள கரிமடம் குடியிருப்பை மாநகராட்சிக்காக வடிவமைத்தது. 2005-இல் மத்திய அரசு தொடங்கிய நகர்ப்புறத் திட்டத்தின் கீழ் அவ்வேலை நடந்தது. குடியிருப்போரை நகருக்கு வெளியே தூக்கியெறியாமல், இருந்த இடத்திலேயே அடுக்குவீடு கட்டித் தந்தமை பாராட்டத்தக்கது. மூட்டை தூக்குபவன் சாலைக் கடைவீதிக்கு நடந்து போகும் தூரத்திலேயே வீடும் இருந்தது.

1994-ஆம் ஆண்டு கேரள நகராட்சிச் சட்டமும், 1996-இல் தொடங்கிய மக்கள் திட்டமும் வந்தபின், பணமும் பொறுப்பும் உள்ளாட்சிகளின் கைக்கு வந்தன. 2016-க்குப் பின் வந்த லைஃப் திட்டம் ஒரு வீட்டிற்கு 4 லட்சம் ரூபாய் என வகுத்தது. வீடற்றோரின் பட்டியல் உள்ளாட்சியில் தயாராகிச் சபைமுன் வைக்கப்படும்; பெயர் விடுபட்டவர் முதலில் உள்ளூரிலும், அடுத்து மாவட்ட ஆட்சியரிடமும் முறையிடலாம் என்று ஏற்பாடு செய்தனர். அரசனின் கருணையில் தொடங்கிய வரலாறு, முறையீட்டு மனுவுக்கு வந்து சேர்ந்தது. வளர்ச்சி என்றே இதனை நாம் கொள்ளுகிறோம்.

ஆனால் அப்பட்டியலில் ஒரு குடும்பம் என்பது ஒரு ரேஷன் கார்டு. வாடகை அறையில் மாறி மாறிக் குடியிருப்பவன், கார்டைச் சொந்த ஊரில் விட்டு வந்தவன், அண்ணன் தம்பி இருவரும் தகப்பன் கார்டிலேயே காலந்தள்ளுபவர் ஆகியோர் அங்கே தடுக்கிவிடுகின்றனர். பம்பாயில் வாழும் நேயர்களுக்கு இது புதிதன்று. தாராவியில் 1976-ஆம் ஆண்டுக் குடிசைக் கணக்கெடுப்பில் கிடைத்த புகைப்பட அட்டையைப் பெட்டியில் பூட்டி வைத்தவர்களையும், 1995 ஜனவரி 1-க்கு முன் வந்தோம் என்று நிறுவ மின்கட்டணச் சீட்டைத் தேடி அலைந்தவர்களையும் அவர்கள் அறிவார்கள். அக்காலத்துச் சட்டர், குலத்தைச் சொல்லிச் சாலையில் இடம் பெற்றார். இக்காலத்துத் தொழிலாளி, தேதியைச் சொல்லி இடம் பெறவேண்டியிருக்கிறது.

கரமனையின் பழைய வீடுகளிற் பல இன்று கைமாறிவிட்டன. பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் அப்பாலும் போய்விட, சில வீடுகளில் முதியோர் இருவரே விளக்கேற்றுகின்றனர். சிலவற்றில் ஓட்டுக்கூரை போய்த் தளம் வந்துவிட்டது. அத்தெருக்களுக்குக் கூப்பிடு தூரத்தில், தமிழகத்திலிருந்தும் வங்கத்திலிருந்தும் கட்டட வேலைக்கு வந்தவர்கள் ஓர் அறைக்கு ஐவரும் அறுவருமாய்த் தங்குகிறார்கள். விடியற்காலையில் அவர்கள் வேலைக்குப் போகும் வழியும் அந்தப் பழைய பாலத்து வழிதான். அவர்களுள் யாருடைய பெயரேனும் அடுத்த பட்டியலில் ஏறுமா என்பது, வார்டு சபை கூடும் நாளை அவர்களுக்கு யாரேனும் சென்று சொல்லுகிறார்களா என்பதைப் பொறுத்திருக்கிறது.