புரோட்டோனுக்கு 150 கோடி ரிங்கிட்: நொடித்துப்போன கார் நிறுவனத்தை அரசு காப்பாற்ற வேண்டுமா?

கிள்ளானிலிருந்து கூட்டரசு நெடுஞ்சாலை வழியாக தினமும் வேலைக்கோ காலேஜுக்கோ போகிறீர்களா? காலை நெரிசலில் முன்னால் நிற்கும் காடிகளைக் கொஞ்சம் கவனியுங்கள். சாகா, வீரா, பெர்சோனா என்று புரோட்டோன் எப்படியும் கண்ணில் படும். அந்த நிறுவனம் 2016-இல் பணமில்லாமல் திண்டாடியபோது, அரசாங்கம் 150 கோடி ரிங்கிட் சலுகைக் கடன் கொடுத்தது. அது மக்கள் பணம். அப்படிக் கொடுத்தது சரியா?

புரோட்டோன் ஏன் சறுக்கியது?

புரோட்டோன் 1983-இல் உருவானது. அன்றைய பிரதமர் டாக்டர் மகாதீரின் கனவுத் திட்டம் அது. மிட்சுபிஷியின் தொழில்நுட்பத்தோடு, ஷா ஆலம் தொழிற்சாலையில் தயாரான முதல் சாகா 1985 ஜூலையில் அறிமுகமானது. வெளிநாட்டுக் கார்களுக்குக் கடுமையான வரி. அதனால் ஒரு காலத்தில் நாட்டில் விற்ற புதிய கார்களில் பாதிக்கும் மேல் புரோட்டோன்தான்.

பிறகு காற்று திசை மாறியது. ஆசியான் நாடுகளுக்கு இடையே இறக்குமதி வரி குறைந்தது. சின்னக் கார்களோடு வந்த பெரோடுவா 2006-இல் முதலிடத்தைப் பிடித்தது. புரோட்டோனின் தரம் பற்றிய புகார்களும் சேர்ந்துகொண்டன. 2012-இல் கசானா நேஷனல் தன்னிடம் இருந்த 42.7 விழுக்காட்டுப் பங்குகளை டி.ஆர்.பி-ஹைகோமுக்கு விற்றது. கை மாறியும் சரிவு நிற்கவில்லை. 2016-இல் புரோட்டோன் விற்றது சுமார் 72,000 கார்கள் மட்டுமே.

அரசு சும்மா கொடுத்ததா?

இல்லை. 2016 ஏப்ரலில் கடனை அறிவித்தபோது முக்கியமான ஒரு நிபந்தனை இருந்தது: புரோட்டோன் ஒரு வெளிநாட்டுப் பங்காளியைத் தேடிக்கொள்ள வேண்டும். பணத்தின் பெரும்பகுதி, உதிரிபாகம் சப்ளை செய்த நிறுவனங்களுக்கு இருந்த பாக்கியைத் தீர்க்கத்தான்.

காப்பாற்ற வேண்டும் என்பவர்கள் என்ன சொல்கிறார்கள்?

ஒரு கார் நிறுவனம் தனியாக விழுவதில்லை. சீட், பம்பர், வயரிங், கண்ணாடி என்று ஆயிரக்கணக்கான பாகங்களை வெளியே உள்ள சின்னச் சின்ன தொழிற்சாலைகள் செய்து தருகின்றன. புரோட்டோனில் சுமார் 12,000 பேர், அதை நம்பிய உதிரிபாக நிறுவனங்களில் சுமார் 50,000 பேர் என்று அரசு அப்போது கணக்குச் சொன்னது. பெரிய நிறுவனம் பணம் கட்டாவிட்டால் முதலில் மூடுவது இந்தச் சின்னக் கம்பெனிகள்தான். அங்கே வேலை பார்ப்பவர் உங்கள் அப்பாவாகவோ பக்கத்து வீட்டு அண்ணனாகவோ இருக்கலாம்.

வேண்டாம் என்பவர்கள்?

அவர்கள் கேட்பதும் நியாயமான கேள்விதான்: லாபம் வந்தால் முதலாளிக்கு, நஷ்டம் வந்தால் மக்களுக்கா? ஒருமுறை காப்பாற்றினால், அடுத்த முறையும் அரசு வரும் என்ற தைரியம் வந்துவிடும். அதோடு, கடன் கொடுப்பதற்கு முன்பே மக்கள் பல வருஷம் மறைமுகமாக உதவியிருக்கிறார்கள். உள்நாட்டுக் காரைக் காக்கப் போட்ட வரியால் மற்ற கார்களின் விலை எகிறியது. ஒன்பது வருஷக் கடன் போட்டு காடி வாங்குபவருக்கு அந்தச் சுமை நன்றாகவே தெரியும்.

மற்ற நாடுகளில் என்ன நடந்தது?

2008 நிதி நெருக்கடியில் அமெரிக்கா, ஜெனரல் மோட்டார்ஸ், கிரைஸ்லர் உள்ளிட்ட வாகனத் துறைக்குச் சுமார் 8,000 கோடி டாலர் கொடுத்தது. ஆனால் கறாராக நடந்துகொண்டது. ஜெனரல் மோட்டார்ஸ் தலைவரைப் பதவி விலகச் சொன்னது, நிறுவனம் திவால் நடவடிக்கைக்குள் போனது, போன்டியாக் என்ற பழைய பெயரே மறைந்தது. கடைசியில் அரசுக்குச் சுமார் 900 கோடி டாலர் நஷ்டம். நிறுவனங்கள் பிழைத்தன.

ஆஸ்திரேலியா வேறு வழியில் போனது. பல ஆண்டுகள் மானியம் கொடுத்துவிட்டு, ஒரு கட்டத்தில் போதும் என்றது. 2016-இல் ஃபோர்டு, 2017-இல் டொயோட்டாவும் ஹோல்டனும் அங்கே கார் தயாரிப்பதை நிறுத்தின.

சரி, புரோட்டோன் என்ன ஆனது?

2017-இல் சீனாவின் ஜீலி 49.9 விழுக்காட்டுப் பங்கை வாங்கியது. புரோட்டோனிடம் இருந்த பிரிட்டனின் லோட்டஸ் நிறுவனத்தில் பெரும்பான்மைப் பங்கும் ஜீலியிடம் போனது. ஜீலியின் தொழில்நுட்பத்தில் உருவான எக்ஸ்70, 2018 டிசம்பரில் வந்தது. முதலில் சீனாவில் தயாராகி இறக்குமதியான அந்தக் கார், பிறகு தஞ்சோங் மாலிமில் தயாரானது. 2023-இல் புரோட்டோன் விற்பனை 150,000-ஐத் தாண்டியது.

பணம் மட்டும் காப்பாற்றியது என்று இதைச் சொல்ல முடியாது. கடன் நேரம் வாங்கிக் கொடுத்தது. நிபந்தனை நிறுவனத்தை மாற வைத்தது. அதற்கு நாம் கொடுத்த விலையும் உண்டு: 'நம்ம கார்' என்று சொன்ன நிறுவனத்தில் கிட்டத்தட்ட பாதி இன்று நம்முடையதல்ல.

அப்போ, உதவலாமா கூடாதா?

'ஆமாம்', 'இல்லை' என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்வது கஷ்டம். அடுத்த முறை ஏதாவது பெரிய நிறுவனத்துக்கு அரசு உதவி என்று செய்தி வந்தால், மூன்று கேள்வி கேளுங்கள். பணம் யார் கைக்குப் போகிறது, தொழிலாளிக்கா முதலாளிக்கா? பதிலுக்கு நிறுவனம் எதை மாற்ற ஒப்புக்கொண்டது? மறுபடியும் தோற்றால் அரசு எப்போது கையை எடுக்கும்?

மூன்றுக்கும் தெளிவான பதில் இருந்தால் அந்த உதவி பற்றிப் பேசலாம். பதில் இல்லையென்றால், உங்கள் வரிப் பணத்துக்காக நீங்கள் கேள்வி கேட்டே ஆகவேண்டும்.