நடைபாதுகாப்பு நிதி, போக்குவரத்து நிலையங்களை ஒட்டி

ரயில், பேருந்து நிலையங்களுக்கு நடந்து வருவோருக்காக அரசு ஒதுக்கும் பணம். தமிழகத்தில் இதன் முதன்மைச் சான்று சென்னை. மாநகராட்சி 2014இல் மோட்டாரற்ற போக்குவரத்துக் கொள்கையை ஏற்றது. பொலிவுறு நகரத் திட்ட நிதியில் பாண்டி பஜார் நடைபாதை வளாகம் 2019 நவம்பரில் திறக்கப்பட்டது. மாம்பலம் ரயில் நிலையத்தையும் தியாகராய நகர் பேருந்து நிலையத்தையும் இணைக்கும், சுமார் 570 மீட்டர் நீள ஆகாய நடைபாதை 2023 மே மாதம் வந்தது. துணிப்பைகளோடு ரங்கநாதன் தெரு நெரிசலில் முட்டிமோதியவர்கள் இப்போது மேலேயே நடந்து பேருந்தைப் பிடிக்கலாம்.

அதியமான்கோட்டை போன்ற நெடுஞ்சாலை ஊர்களின் நிலை வேறு. சேலம்–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலை 44 இவ்வூர் வழியே செல்கிறது; அதன் பொறுப்பு மத்திய அரசுடையது. பெட்ரோல், டீசல் மீதான செஸ் வரி சேரும் மத்திய சாலை, உள்கட்டமைப்பு நிதியில், பேருந்துக்காகச் சாலையைக் கடப்பவருக்கும் உரிய பங்கு வேண்டும்.