எரியாத நெருப்புக்கு யார் கூலி தருவது?

தீயணைப்பு வீரரின் பணியில் ஒரு விசித்திரம் உண்டு. அவர் வேலையின்றி அமர்ந்திருக்கும் நாளே ஊருக்கு நல்ல நாள். அந்த நாளுக்கும் சம்பளம் தந்தாக வேண்டும். தருவது யார் என்ற பழைய கேள்வி, இன்று சேலத்தை அடுத்த காமலாபுரம் போன்ற சிறு விமான நிலையங்களின் வாசலில் வந்து நிற்கிறது. விடை தேட நாம் முதலில் லண்டன் வரை போய்வர வேண்டும்.

1666ஆம் ஆண்டின் பெருந்தீக்குப் பின்னர் அந்நகரில் தீக்காப்பீட்டு நிறுவனங்கள் தோன்றின. தாம் காப்பீடு செய்த வீடுகளின் முகப்பில் உலோக முத்திரை பதித்தன. சொந்தத் தீயணைப்புப் படைகளையும் அமர்த்திக்கொண்டன. முத்திரையில்லாத வீட்டை எரியவிட்டு வேடிக்கை பார்த்தார்கள் என்று வழங்கும் கதைக்குச் சான்று குறைவு. ஆயினும் நிறுவனத்தின் இழப்பைக் குறைப்பதே அப்படைகளின் முதல் நோக்கம் என்பதில் ஐயமில்லை. 1833இல் அவற்றுள் பல ஒன்றிணைந்து ஜேம்ஸ் பிரெய்ட்வுட் தலைமையில் ஓரமைப்பாயின. 1861இல் டூலி தெருக் கிடங்குகள் பற்றியெரிந்தபோது, இடிந்து விழுந்த சுவரின் கீழ் பிரெய்ட்வுட் மாண்டார். இழப்பைக் கண்டு மிரண்ட நிறுவனங்கள், நகரைக் காப்பது இனி எங்கள் பொறுப்பன்று என அரசிடம் கைவிரித்தன. 1865ஆம் ஆண்டுச் சட்டம் அப்பொறுப்பைப் பொதுப்பணியாக்கியது. சொத்து மதிப்பில் பவுனுக்கு அரைப் பென்னி வரி, காப்பீடு செய்யப்பட்ட ஒவ்வொரு பத்து லட்சம் பவுனுக்கும் நிறுவனங்களிடமிருந்து 35 பவுன், அரசின் பங்காக ஆண்டுக்கு 10,000 பவுன் எனச் செலவு பகிரப்பட்டது.

நிலத்தில் இவ்வாறு முடிந்த வழக்கு, வானூர்தியின் வருகையால் மீண்டும் திறக்கப்பட்டது. பயன்படுத்துபவரே செலவை ஏற்க வேண்டும் என்பது விமான நிலையங்களின் பொதுநெறி. 1944ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கையை ஒட்டிப் பிறந்த பன்னாட்டு விதிகளோ, அச்செலவின் அளவைப் பயணியர் தொகையைக் கொண்டு கணிப்பதில்லை. விமானத்தின் நீளத்தையும் உடற்பகுதியின் அகலத்தையும் கொண்டே கணிக்கின்றன. ஏறத்தாழ 27 மீட்டர் நீளமுள்ள ஏ.டி.ஆர். 72 விமானம் ஐந்தாம் வகை. அதற்கு ஒரு தீயணைப்பு வாகனம் போதும். 37 மீட்டரைத் தாண்டும் ஏர்பஸ் ஏ320 வந்திறங்க வேண்டுமெனில் ஆறாம் வகை, வாகனங்கள் இரண்டு. ஓடுபாதையின் எந்த முனையையும் மூன்று நிமிடங்களுக்குள் எட்டி நுரை பீய்ச்ச வேண்டும். ஊர்த் தீயணைப்பு நிலையத்திலிருந்து மணியடித்துப் புறப்பட்டு வருபவர்களால் இது இயலாது. வீரர்கள் ஓடுபாதையின் அருகிலேயே காத்திருந்தாக வேண்டும்.

பெருநகரில் இச்செலவு லட்சக்கணக்கான பயணச்சீட்டுகளில் கரைந்துவிடும். நாளுக்கு ஓரிரு விமானங்கள் வரும் ஊரில் சில நூறு பேரின் தலையில் விழும். விதியிலும் ஒரு சலுகை உண்டு: மிகுந்த நெரிசலுள்ள மூன்று மாதங்களில் பெரிய விமானங்களின் ஏற்றமும் இறக்கமும் 700க்குக் குறைந்தால், ஒரு வகை கீழிறங்கலாம். நாளுக்கு மூன்று விமானங்கள் வந்து திரும்பினாலும் கணக்கு 540ஐத்தான் எட்டும். விபத்து நேரும் வாய்ப்பு குறைவு என்பது இதன் நியாயம். ஆனால் எரியும் விமானத்துக்குள் இருப்பவர்களின் எண்ணிக்கை அதனால் குறைவதில்லை.

சேலம் விமான நிலையம் 1993இல் திறக்கப்பட்டது. சேவைகள் தொடங்குவதும் நிற்பதுமாகவே அதன் வரலாறு கழிந்தது. 2016இல் அறிவிக்கப்பட்ட 'உடான்' திட்டத்தின் துணையோடு 2018இல் மீண்டும் விமானம் வந்தது, 2021இல் நின்றது, 2023இல் திரும்பவும் தொடங்கியது. அத்திட்டத்தின்படி, விமான நிறுவனத்துக்கு நேரும் பற்றாக்குறையை மத்திய, மாநில அரசுகள் பகிர்ந்துகொள்கின்றன. தீயணைப்பையும் பாதுகாப்பையும் மாநில அரசு கட்டணமின்றித் தர வேண்டும் என்பதும் அதன் நிபந்தனை. 1865இல் லண்டன் கண்ட விடைக்கே நாமும் வந்து சேர்ந்திருக்கிறோம் எனலாம்.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. லண்டனின் ஏற்பாடு நிரந்தரமானது. பற்றாக்குறை மானியமோ ஒரு வழித்தடத்துக்கு மூன்றாண்டுகள் என வரம்பிடப்பட்டது. மானியம் முடிந்து விமானம் நின்றால் வாகனத்தை மூடி வைக்கலாம். பயிற்சியை அவ்வாறு மூடி வைக்க இயலாது. நுரைக்குழாயைப் பிடிக்கும் கை இடைவிடாத ஒத்திகையால் பழகுவது.

விமானத்தில் ஏறியே இராத உழவர் இதற்கு ஏன் வரி தர வேண்டும் என்று கேட்பது நியாயமே. நிலையம் வேண்டுமா என்பதற்கு அக்கேள்வி முழுமையாகப் பொருந்தும். வேண்டுமென்று அரசு முடிவெடுத்துவிட்ட பின்னர், அதன் தீயணைப்பைப் பயணச்சீட்டு வருவாயோடு பிணைப்பது தகாது. சோழர் காலக் கல்வெட்டுகளில் 'பாடிகாவல்' என்றொரு வரி காணப்படுகிறது. ஊர்க்காவலுக்கென்று ஊரார் செலுத்தியது. காவல் ஊரின் பொதுச்செலவு என்ற எண்ணம் நம் மண்ணுக்குப் புதிதன்று. காமலாபுரத்து ஓடுபாதையும் அக்கணக்கில் சேரவேண்டியதே.